வேலிக்கு நாட்டும் மரம்



மாரிமழை தொடங்குவதற்கு முன்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலே நடந்து செல்வோர், வேலியடைக்கும் காட்சியை இன்றும் அங்கும் இங்குமாகக் காணலாம். ஒருவர் அலவாங்கினால் குழி தோண்டுவார். ஒருவர் கதியால்களைத் தறித்து நிறுத்துவார். சிறுவர்கள் கிடுகுகளையும் பனையோலைகளையும் சுமந்து வருவர். வீட்டுக்காரர் வரிச்சுக் கட்டும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அயல்வீட்டுக்காரரோடு உரையாடியவாறு நிற்பார். அவ்வுரையாடல் எப்பொழுதும் இனிமையாகவே முடியும் என்று சொல்ல இயலாது. ஒரு சாண் நிலத்திற்காக உடன்பிறந்தோர் நீதிமன்றப் படியேறிய கதைகள் எம்மவர்க்குப் புதியன அல்ல. அத்தகைய வழக்குகள் பலவற்றின் தொடக்கத்தை ஆராய்ந்து பார்த்தால், எங்கேயோ ஒரு வேலிக்கால் இற்று விழுந்ததும், அதற்குப் பதிலாக நாட்டிய கால் பழைய குழியிலிருந்து சற்றே விலகிப் போனதுமே காரணமாக இருக்கக் காணலாம்.

கிடுகு பழுதானால் மாற்றிவிடலாம். வரிச்சு அறுந்தால் மீண்டும் கட்டலாம். கால் போனாலோ எல்லையே போய்விடுகின்றது. அவ்வாறிருந்தும், வேலிக்கு மரம் வாங்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் மூன்றுதாம்: என்ன மரம்? என்ன பருமன்? என்ன விலை? மரத்தின் உள்ளே இருப்பது யாது என்று கேட்பவர் மிகச் சிலரே. யானும் ஒரு காலத்தில் கேட்காதவனாகவே இருந்தேன். அதற்கு உரிய தண்டனையையும் பெற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் யான் பணியாற்றிய ஒரு பாடசாலையின் தோட்டத்தைச் சுற்றி வேலி அமைக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் தத்தம் வசதிக்கேற்பப் பணம் சேர்த்துத் தந்தனர். அவர்களுள் கூலி வேலை செய்வோரும், கணவனை இழந்து தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் இருந்தனர். அப்பணத்தைக் கொண்டு ஒரு மரக்காலையிலிருந்து 60 கால்களை வாங்கினோம். முதிரை என்று சொன்னார்கள். கால்கள் நேராகவும் உருண்டையாகவும், கண்ணுக்கு அழகாகவும் இருந்தன. முள்ளுக்கம்பி இழுத்து முடித்த அன்று பெற்றோரை அழைத்து வேலியைக் காட்டினேன். அவர்களும் மகிழ்ந்தனர்.

மூன்றாம் மாரியில் ஓர் ஆடு முதுகைச் சொறிந்துகொள்வதற்காக ஒரு காலில் உராய்ந்தது. கால் மண்மட்டத்தில் முறிந்து விழுந்தது. அடுத்த காலை யானே கையால் அசைத்துப் பார்த்தேன், அதுவும் விழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட கால்கள் கம்பியிலே தொங்கிக்கொண்டு நின்றன. கம்பியைக் கால்கள் தாங்குவதற்குப் பதிலாகக் கால்களைக் கம்பி தாங்கியது. மாணவர் பயிரிட்டிருந்த கத்தரியும் வெண்டியும் மாடுகளுக்கு உணவாயின. பெற்றோர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊரில் ஒரு முதிய ஆசாரியார் இருந்தார். அவரை அழைத்து, விழுந்த கால்களைக் காட்டினேன். அவர் ஒரு காலை எடுத்து, வாளால் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தை என் முன்னே நீட்டினார். புறத்தே ஓர் அங்குலம் அளவிற்குச் சுற்றிலும் மரம் பஞ்சுபோல உக்கிக் கிடந்தது. நடுவிலே ஒரு பெருவிரற் பருமனுக்கு மட்டும் கெட்டியான தண்டு எஞ்சியிருந்தது. “மாஸ்ரர், இது முதிரைதான். பொய் சொல்லேல்லை. ஆனால் குஞ்சு முதிரை. நீங்கள் பேரைக் கேட்டு வாங்கினியள், மரத்தைப் பாத்து வாங்கேல்லை” என்றார்.

அன்று அவர் காட்டிய அந்த அறுத்த முகத்திலேதான் இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

மரமொன்றைக் குறுக்கே அறுத்தால், பட்டைக்கு உட்புறமாக வெளிறிய நிறமுடைய ஒரு வளையத்தைக் காணலாம். அதற்குள்ளே பெரும்பாலும் கருமை அல்லது செம்மை படர்ந்த நடுப்பகுதி இருக்கும். வெளி வளையத்தை வெளிறு என்றும், நடுப்பகுதியை வைரம் அல்லது காழ் என்றும் வழங்குவர். வெளிறு மரத்தின் உயிருள்ள பகுதி. வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்வது அதுவே. மாப்பொருள் முதலிய உணவைச் சேமித்து வைப்பதும் அதுவே. மரம் வளர வளர, உட்பக்கத்து வெளிறு தன் தொழிலை முடித்துக்கொண்டு இறக்கின்றது. அவ்வாறு இறக்கும் தருவாயில், அதிலிருந்த உணவு பிசினாகவும் எண்ணெயாகவும் துவர்ப்பும் கைப்பும் உடைய வேறு பல சாறுகளாகவும் மாறி, அவ்விடத்திலேயே படிந்துவிடுகின்றது. இவையே வைரத்துக்கு நிறத்தையும் மணத்தையும் கொடுப்பவை. பங்கசுக்கும் கறையானுக்கும் நஞ்சாக நிற்பவையும் இவையே.

ஆகவே வெளிற்றை மண்ணிலே புதைப்பது, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து படைப்பதாகும். இதிலே சாதி வேற்றுமை இல்லை. பாலையின் வெளிறும் கெடும். தேக்கின் வெளிறும் கெடும். வேம்பின் வெளிறும் கெடும். ‘வேம்பு கைப்பானது, கறையான் அணுகாது’ என்று நம்பி இளவேம்பின் கொப்புகளை நாட்டி ஏமாந்தோர் பலர். மரத்துக்கு மரம் வேறுபடுவது வைரத்தின் வன்மை மாத்திரமே.

எமது பாடசாலையின் கணித ஆசிரியர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். 4 அங்குல விட்டமுள்ள ஒரு காலில், சுற்றிலும் ஓர் அங்குலம் வெளிறு என்று கொள்வோம். வெளிறு உக்கிப்போனால் எஞ்சும் வைரத்தின் விட்டம் 2 அங்குலம். விட்டம் பாதியாயிற்று, ஆனால் மரத்தின் அளவோ நாலிலொன்றாகக் குறைந்துவிட்டது. பக்கவாட்டில் வளைக்கும் விசையைத் தாங்கும் வலிமையோ எட்டிலொன்றாகிவிட்டது. நாம் நாலங்குலக் காலுக்குப் பணம் கொடுத்து, எட்டிலொரு பங்கு வலிமையை வாங்கி வந்தோம் என்றார். கலைப்பட்டதாரியாகிய எனக்கு அக்கணக்கு அன்றுதான் முதன்முதலாக விளங்கியது.

முதிரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாலையில் வைரம் செம்மை பாய்ந்து நன்கு தெரியும். பூவரசில் வைரம் கரும்பழுப்பாக இருக்கும். ஒரு பார்வையிலேயே வெளிற்றினின்றும் பிரித்தறியலாம். முதிரையிலோ இரண்டும் மஞ்சள் நிறச் சாயலுடையன. எது எங்கே முடிகின்றது என்பது எளிதிற் புலப்படாது. இளமரத்தின் உருண்டைக் காலைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒருவர் அது முழுவதும் வைரமே என எண்ணிவிடுதல் கூடும். இதற்கு ஆசாரியார் சொன்ன வழி எளிமையானது. உருண்டையான காலை வாங்க வேண்டாம். முற்றிய பெருமரத்தின் அடித்துண்டைப் பிளந்தோ அறுத்தோ எடுத்த சதுரக் காலை வாங்குக. உருண்டைக் கால் எப்பொழுதும் ஓர் இளமரத்தின் முழு உடல். அதன் வெளிறு முழுவதும் அதனோடு வரும். முதிர்ந்த மரத்தின் உள்ளிருந்து பிளந்தெடுத்த கால் சிறியதாயினும், விளிம்பு கோணலாயினும், அது முழுவதும் வைரமாக இருக்கும். அழகிய உருண்டைக் காலினும் அவலட்சணமான பிளவுக் கால் மேலானது.

பெயரைக் கண்டு மயங்கும் பழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. மேல்நாடுகளிலே வேலிக்கால் என்றதும் பலர் கேட்டு வாங்கும் மரம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அதனை சீடர் என்பர். தமிழில் அப்படியே எழுதினால் குரு எங்கே என்று தேட வேண்டிவரும். ஆதலால் விவிலியத்தைத் தமிழாக்கியோர் வழங்கிய கேதுரு என்ற பெயரையே யானும் கொள்கின்றேன். எருசலேமிலே சாலமோன் மன்னன் ஆலயம் எழுப்பியபோது, தீருவின் அரசன் லெபனோன் மலையிலிருந்து கேதுரு மரங்களை அனுப்பினான் என விவிலியம் கூறும். இன்றும் லெபனோன் நாட்டின் கொடியிலே அம்மரத்தைக் காணலாம். இமயமலைச் சாரலில் வளரும் தேவதாரு அதற்கு உடன்பிறப்பு. காஷ்மீரத்தின் பழைய மரப்பாலங்கள் தேவதாருவினால் அமைந்தவை.

ஆனால் அமெரிக்க உழவர் வேலிக்கு நாட்டும் கேதுரு இவற்றுள் ஒன்றுமன்று. மேற்குக் கரையிலுள்ள செங்கேதுரு துயா என்னும் வேறோர் இனம். கிழக்குப் பகுதியிலுள்ள செங்கேதுரு சூனிப்பர் என்னும் பிறிதோர் இனம். முற்காலத்தில் நல்ல பென்சில்கள் எல்லாம் இந்தச் சூனிப்பர் மரத்தினாலேயே செய்யப்பட்டன. சீவும்போது எழுந்த நறுமணம் அம்மரத்தின் வைரத்துக்கு உரியது. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த தூனா மரத்துக்கும் ஆங்கிலேயர் செங்கேதுரு என்றே பெயரிட்டனர். செம்மையான நிறமும் மணமும் உடைய மரத்தைக் கண்ட இடங்களிலெல்லாம் தமக்குப் பழகிய பெயரை வைத்துவிட்டுச் சென்றிருக்கின்றனர். பெயர் ஒன்றாயிற்று, மரங்களோ உறவில்லாதவை.

இவ்வகையில் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் நடைபெற்ற ஒரு சோதனையைக் குறிப்பிட விரும்புகின்றேன். அங்கே கோர்வாலிசு என்னும் ஊரிலே, வனவியற் பேராசிரியராக இருந்த ஸ்ராக்கர் என்பவர் 1927 ஆம் ஆண்டில் ஒரு விந்தையான பண்ணையைத் தொடங்கினார். பயிரும் இல்லை, கால்நடையும் இல்லை. வரிசை வரிசையாக வேலிக்கால்கள் மாத்திரமே. பல இனத்து மரங்களின் கால்களை, மருந்திட்டும் மருந்திடாமலும், மண்ணில் நாட்டிவைத்துவிட்டு, காலத்துக்குக் காலம் ஒவ்வொரு காலின் தலையையும் பிடித்து அளவான விசையோடு இழுத்துப் பார்ப்பார்கள். முறிந்தால் அதன் ஆயுள் முடிந்தது எனக் குறித்துக்கொள்வார்கள். அவர் காலத்துக்குப் பின்னரும் பல்கலைக்கழகத்தார் பல்லாண்டுகள் அதனைத் தொடர்ந்து நடத்தி வந்தனர். எங்கள் பாடசாலை ஆடு மூன்றாம் மாரியில் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். எழுதி வைத்தமையே வேறுபாடு. மருந்திடாத மரங்களுள் சில ஐந்தாறு ஆண்டுகளிலேயே முறிந்தன; செங்கேதுரு இருபது ஆண்டுகளையும் கடந்து நின்றது. அக்கேதுருவிலும் நின்றது வைரமே. அதன் வெளிறு மற்றெந்த மரத்தின் வெளிற்றையும் போலவே விரைவில் உக்கிவிடும்.

இன்னொன்றையும் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். நூற்றாண்டுக் கணக்கில் காட்டிலே நின்ற பழங்கேதுருவின் வைரத்தில் இருக்கும் காப்புச் சாறுகள், நட்டு வளர்த்து விரைவில் வெட்டிய இளங்கேதுருவில் குறைவாகவே உள்ளன. தாத்தா நாட்டிய கேதுருக் கால் நாற்பது ஆண்டு நின்றது என்று நம்பி, பேரன் அதே பெயருடைய மரத்தை வாங்கினால், அதே ஆயுள் அவனுக்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எமது நாட்டிலும் நட்டு வளர்த்த இளந்தேக்கின் கால்களுக்கும் பழந்தேக்கின் கால்களுக்கும் இடையே இதே வேறுபாட்டைக் காணலாம்.

இனி எம்மூர் மரத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தான் வேலிக்கு மரம் தேடிக் காடு செல்லாமலேயே நெடுங்காலம் வாழ்ந்தவன். அவனுக்குப் பனை இருந்தது. பனையைப் பற்றிப் பேசுமுன் தொல்காப்பியரை நினைத்தல் வேண்டும். நிலைத்திணையை அவர் பிரித்த முறை வியப்புக்குரியது. உள்ளே வன்மையுடையவற்றை மரம் என்றும், புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் மரபியலிலே அவர் வகுத்தார். தென்னையும் பனையும் மூங்கிலும் இப்பாகுபாட்டின்படி புல்லினத்தைச் சேரும். இக்காலத் தாவரவியலார் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பிரிப்பதும் இதனோடு பெரிதும் ஒத்துப்போகின்றது. மாணவப் பருவத்தில் இதனைப் பரீட்சைக்காக மனனம் செய்த எனக்கு, வேலிக்கால் தெரிவதற்கு இஃது உதவும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

மரத்தில் வெளிற்றை நீக்கி உள்ளிருப்பதைக் கொள்ள வேண்டும். பனையிலோ உள்ளிருப்பதை நீக்கிப் புறத்தைக் கொள்ள வேண்டும். பனையின் நடுப்பகுதி சோறுபோல மென்மையானது. புறத்தே பட்டையை அடுத்துள்ள பகுதியிலேதான் கருநிற நார்கள் நெருங்கி, கோடரியின் வாயை மழுக்கும் வைரமாக நிற்கின்றன. அதனாலேதான் பனையை நெடுக்காகப் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டுச் சிலாகை எடுக்கின்றனர். அடிமரத்தில் வைரம் தடிப்பாக இருக்கும். மேலே செல்லச் செல்ல மெலியும். வட்டுக்கு அண்மையிலுள்ள துண்டைக் காலாக நாட்டினால் அது நிலைக்காது. இளம்பனையும் அவ்வாறே. அறுத்த முகத்திலே கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தாற் போதும். புள்ளிகள் கலந்து ஒரே கருமையாகத் தோன்றினால் அது நற்பனை. இவ்விடத்திலே தென்னையை நம்பி ஏமாறலாகாது. அதுவும் புறத்தே வன்மையுடையதாயினும், மருந்திடாமல் மண்ணிற் புதைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் உக்கிவிடும். கூரைக்குள் நனையாமல் இருக்கும்போது தென்னங்குற்றி உழைப்பதைக் கண்டு, வேலிக்கும் அது உழைக்கும் என எண்ணிவிடக் கூடாது.

ஆனால் பனையை நினைத்தவுடன் வெட்டிக்கொள்ளும் காலம் போய்விட்டது. போர் நடைபெற்ற ஆண்டுகளிலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வெட்டுண்ட பனைகள் எண்ணில. எறிகணை பட்டுத் தலையிழந்து நின்றவையும் பல. ஒரு பனை பயன்தரும் பருவத்தை அடைய ஒரு தலைமுறை செல்லும். அதன் அடிமரம் வைரம் பாய இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். பனையை வெட்டுவதற்கு இன்று அனுமதி பெறல் வேண்டும், அது முறையே. பாலை, முதிரை முதலிய வன்னிக்காட்டு மரங்களுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலிக்கால் வாங்குவோர் பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பத்திரமில்லாமல் மலிவாகக் கிடைக்கும் கால், திருட்டுத்தனமாக வெட்டிய இளமரமாகவே பெரும்பாலும் இருக்கும். குற்றத்துக்குக் குற்றமும் ஆயிற்று, வெளிற்றுக்கு வெளிறும் ஆயிற்று.

கால் எவ்விடத்திற் கெடுகின்றது என்பதையும் நோக்குவோம். விழுந்த கால்களைப் பிடுங்கிப் பார்த்தால் புதைந்திருந்த அடிநுனி பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். மேற்பகுதியும் நன்றாக இருக்கும். மண்மட்டத்துக்குச் சற்று மேலும் கீழுமாக உள்ள ஒரு சாண் இடமே இற்றுப்போயிருக்கும். பங்கசு வாழ்வதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்றுக் குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் நில்லாது. மண்மட்டத்திலேதான் இரண்டும் சந்திக்கின்றன. ஆதலால் காலின் எப்பகுதியில் வைரம் மிகுதியோ அப்பகுதி மண்மட்டத்தில் வருமாறு நாட்ட வேண்டும். பொத்து, வெடிப்பு, முடிச்சு உள்ள இடம் அங்கே வரலாகாது. காலின் தலையைச் சாய்வாகச் சீவிவிட்டால் மழைநீர் தங்காது வழியும். குழியின் அடியிலே கல்லும் சரளையும் இட்டு, காலைச் சுற்றி மண்ணை இறுக்கி, மேடு கட்டிவிட வேண்டும். சிலர் காலைச் சுற்றிச் சீமெந்து இடுகின்றனர். மரம் காய்ந்து சுருங்கும்போது மரத்துக்கும் சீமெந்துக்கும் இடையே ஒரு நூலிடைவெளி உண்டாகும். அதற்குள் இறங்கிய நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். காலைக் கிண்ணத்துள் நிறுத்தியது போலாகும்.

அடியைத் தீயில் வாட்டிக் கருக்கி நாட்டும் வழக்கமும் உண்டு. முன்னோர் செய்தது என்பதற்காக அதனை இகழ விரும்பவில்லை. எனினும் கருகிய தோலில் சிறு வெடிப்பு ஏற்பட்டாலும் அதன் வழியே பங்கசும் கறையானும் உட்புகுந்துவிடும். வெளிற்று மரத்தை வைரமாக்கும் ஆற்றல் தீக்கு இல்லை. தாரைப் பூசுவதும் ஏறக்குறைய அவ்வாறே. ஈரமரத்தில் தாரைப் பூசினால், உள்ளிருக்கும் ஈரத்தைச் சிறைவைத்தவர்களாவோம். கொங்கிறீற்றுத் தூண் இக்காலத்தில் எங்கும் பரவியிருக்கின்றது. அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் கடலோர ஊர்களிலே உப்புக்காற்றினால் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, தூணை வெடிக்கச் செய்வதைக் கண்டிருக்கின்றேன். அதனையும் ஒருவகை உக்கல் என்றே சொல்லலாம்.

இவ்வளவும் இறந்த மரத்தைப் பற்றிய பேச்சு. எம்முன்னோர் வேலிக்கால் சிக்கலுக்குக் கண்ட சிறந்த விடை உயிருள்ள மரமே. கதியால் என்று நாம் சொல்வது அதனையே. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை, முள்முருக்கு, ஒதி, வாதராணி என இவ்வரிசை நீளும். இவற்றின் முற்றிய தடியை வெட்டி நாட்டினால் வேர்விட்டுத் தழைக்கும். உயிருள்ள மரத்தைக் கறையான் எளிதில் வெல்லாது. அதன் வெளிறு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். இறந்த காலிலே குற்றமாக இருந்த வெளிறு, கதியாலிலே குணமாகிவிடுகின்றது. கதியாலுக்கு வெளிறே உயிர். பட்டை காயாத, சாறு வற்றாத தடியே முளைக்கும். ஆகவே மரக்காலையில் தள்ளவேண்டியதைக் கதியாலிலே கொள்ளவேண்டும்.

கதியாலைக் கையின் மணிக்கட்டுப் பருமனுக்குக் குறையாமல் தெரிந்து, ஆறேழு அடி நீளமாகத் தறித்து, மழை தொடங்கி மண் நனைந்தபின் நாட்டுதல் வழக்கம். தறிக்கும்போது அடிப்பட்டை உரியக் கூடாது. தலைகீழாக நாட்டவும் கூடாது. இறந்த காலைத் தலைகீழாக நாட்டினால் நெடுநாள் நிற்கும் என்று சொல்பவர் உளர், அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கதியாலைத் தலைகீழாக நாட்டினாலோ அது பட்டுவிடும். வளர்ந்தபின் ஆண்டுதோறும் குழை வெட்ட வேண்டும். பூவரசங்குழை தோட்டத்து மண்ணிலே தாழ்ப்பதற்கு உதவியது. வாதராணியும் முள்முருக்கும் ஆட்டுக்கு உணவாயின. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்கள் நெடுங்காலம் வளங்குன்றாதிருந்தமைக்கு வேலிகள் செய்த உதவி சிறிதன்று. இது மதிலினாற் கிடைக்காத பயன்.

கதியாலுக்கும் குறைகள் உள. அது பருக்கும். பருக்கும்போது எல்லைக்கோடும் பருக்கும். கம்பியை அதன் உடலில் ஆணியடித்து இறுக்கினால், சில ஆண்டுகளில் கம்பியை விழுங்கிவிடும். சுண்ணக்கல் மேலே எழுந்து மண் மெலிந்திருக்கும் இடங்களில் ஆழமாக வேரூன்றாது. ஆதலால் மூலைகளிலும், படலையின் இருமருங்கிலும், கம்பியின் இழுவை மிகுந்த இடங்களிலும் பனையோ பாலையோ ஆகிய வைரக்கால்களை நாட்டி, இடையிலே கதியால்களை நிறுத்துவதே பொருத்தமாகும். எங்கள் பாடசாலை வேலியைப் பின்னர் அவ்வாறே அமைத்தோம். முன்னர் 60 கால்கள் வாங்கினோம். இம்முறை பிளந்த பாலைக் கால்கள் 8 மட்டுமே வாங்கினோம். மற்றவை மாணவர்கள் தத்தம் வீட்டு வேலியிலிருந்து கொண்டுவந்த பூவரசங் கதியால்கள். பெற்றோரிடம் மீண்டும் பணம் கேட்க எனக்கு வாய் எழவில்லை என்பதும் ஒரு காரணம்.

எங்கள் குடும்பக் காணி வலிகாமம் வடக்கிலே உள்ளது. 1990 ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளியேறினோம். உயர்பாதுகாப்பு வலயமாகியிருந்த அந்நிலம் விடுவிக்கப்பட்டு, யாம் மீண்டும் அங்கே காலடி வைத்தபோது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வீடு இல்லை. மதில் இருந்த வீடுகளுக்கு மதிலும் இல்லை. கிணறு மாத்திரம் செடிகொடிகளுக்குள்ளே கிடந்தது. எவருடைய காணி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறியாமல் ஒவ்வொருவரும் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றைகளுக்கு இடையே நின்றோம். பரப்பும் குழியும் உறுதியிலே இருந்தன. நிலத்திலே அடையாளம் இல்லை.

பற்றையை வெட்டிச் சென்றபோது, கிழக்குப் பக்கத்தில் பூவரசுகள் ஒரு வரிசையாகத் தென்பட்டன. எண்ணிப் பார்த்தோம், 14 இருந்தன. என் தந்தையார் கதியாலாக நாட்டியவை, ஒருவரும் குழை வெட்டாமையால் பெருமரங்களாகியிருந்தன. ஒன்றின் உடலில் ஒரு பக்கத்திலே முள்ளுக்கம்பியின் நுனி துருத்திக்கொண்டு நின்றது. மறுபக்கத்தில் மற்ற நுனி. இடைப்பட்ட கம்பியை மரம் விழுங்கியிருந்தது. அயற்காணிக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அவர் ஊரைவிட்டுச் செல்லும்போது சிறுபிள்ளை. அவருக்கு எல்லை தெரியாது. என்னை நம்புவதற்கும் அவருக்குக் காரணம் இல்லை. கம்பியைக் கண்டதும் அவர் ஒன்றும் பேசாமல் அதன் நுனியைத் தொட்டுப் பார்த்தார். முதல் மரத்தின் நடுவிலிருந்து கடைசி மரத்தின் நடுவரை ஒரு நூல் பிடித்தோம். மூன்று மரங்கள் நூலுக்கு வெளியே பருத்திருந்தன. அவற்றை இருவரும் பொதுவாக வைத்துக்கொள்வதெனப் பேசிக்கொண்டோம். பின்னர் நில அளவையாளர் வந்து அளந்தபோது, அவருடைய கோட்டுக்கும் எங்கள் நூலுக்கும் இடையே ஒரு சாண் வேற்றுமை கூட இருக்கவில்லை.

வரிசையின் நடுவிலே இரண்டு மரங்கள் எப்பொழுதோ பட்டுப்போய் இடைவெளி விழுந்திருந்தது. அவ்விடத்துக்குக் கொங்கிறீற்றுத் தூண் போடலாம் என்றார் அவர். கதியால் நடலாம் என்றேன் யான். சென்ற கார்த்திகை மாதத்தில், பக்கத்து மரத்திலேயே இரண்டு தடிகளைத் தறித்து நாட்டினோம். ஒன்று துளிர்த்துவிட்டது. மற்றதன் பட்டையை ஓர் ஆடு கடித்துவிட்டது. வருகின்ற மாரிக்கு அதனை மீண்டும் நாட்டவேண்டும்.